கோர்ஃப் கோட்டையா, கெனில்வொர்த் கோட்டையா?

இங்கிலாந்தில் ஒரு நாள்தான் இருக்கிறது, இடிந்த கோட்டை ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்பவர்களுக்காக.

இடிந்த விதம்:
கோர்ஃப்: மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே 1640-களில் நடந்த உள்நாட்டுப் போரில், மன்னர் பக்கம் நின்ற மேரி பேங்க்ஸ் அம்மையார் முற்றுகையைத் தாங்கிக் காத்த கோட்டை. 1646-இல் விழுந்ததும் நாடாளுமன்றப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. உள்வாசலின் ஒரு பாதி, அடித்தளத்தைத் தோண்டியதில் உடையாமல் அப்படியே சரிந்து, மறுபாதியைவிடத் தாழ்ந்து நிற்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.
கெனில்வொர்த்: இதையும் நாடாளுமன்றத் தரப்புதான் 1649-இல் இடித்தது. செம்மணற்கல் சுவர்களில் பெரிய சன்னல்கள் இன்னும் அழகாக இருக்கின்றன.

நடை:
கோர்ஃப்: செங்குத்தான குன்று, கரடுமுரடான பாதை.
கெனில்வொர்த்: பெரும்பாலும் சமதளம். முதலாம் எலிசபெத் 1575-இல் 19 நாள் தங்கியபோது இருந்த தோட்டத்தை மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள்.

கட்டணம்: கோர்ஃப் நேஷனல் டிரஸ்ட் வசம், கெனில்வொர்த் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வசம்; இரண்டும் பழைய நினைவிடங்களைப் பராமரிக்கும் தனித்தனி அமைப்புகள். ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றதில் செல்லாது.

பெரியவர்கள் உடன் வந்தால் கெனில்வொர்த். கால் தெம்பாக இருக்கிறதா, சரி, யோசிக்காமல் கோர்ஃப் போங்கள். அப்புறம், ஊருக்குள் நடக்கும்போது வீட்டுச் சுவர்களையும் கவனியுங்கள். கோட்டைக் கற்கள் பல அங்கேதான் இருக்கின்றன.