என் பழைய அக்கூஸ்டிக் கிட்டாருக்கு நெக் ரீசெட் (கழுத்தை கழட்டி, கோணத்தை சரி பண்ணி திரும்ப ஒட்டுறது) பண்ணின கதை

12வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற உலோகப் பட்டை) கம்பி 4 மில்லிமீட்டருக்கு மேல தூக்கிட்டு நின்னுச்சு, பார் கார்டு (ஒரே விரலால எல்லா கம்பியையும் அழுத்துறது) புடிச்சாலே விரல் கதறும். நானும் கழுத்துக்குள்ள இருக்கிற ட்ரஸ் ராடுங்கற இரும்புக் கம்பியை திருகி திருகி பாத்தேன், அது கழுத்தோட வளைவைத்தான் சரி பண்ணும், கோணத்தை இல்லன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. கம்பி உக்காருற சாடிலையும் (பிரிட்ஜ் மேல இருக்கிற சின்ன பட்டை) ராவி ராவி அதுல இனி ராவ ஒண்ணுமே இல்ல.

ரிப்பேர் பண்றவர் முதல்ல ஃப்ரெட் மேல ஒரு நேர் ஸ்கேல் வச்சு காட்டினாரு, அது பிரிட்ஜ் (பாடி மேல கம்பியை கட்டியிருக்கிற கட்டை) மேல்விளிம்பை தொடணும், என்னுதுல நல்லா கீழ போய் முட்டுச்சு. ஆறு கம்பியும் சேந்து எழுபது கிலோவுக்கு மேல இழுக்குது, வருஷக்கணக்குல இழுத்தா பாடி வளையத்தானே செய்யும்! கழுத்து டவ்டெயில் ஜாயிண்ட்ல (மரத்துக்குள்ள மரம் கோத்து பசை போட்ட இணைப்பு) இருந்ததால 15வது ஃப்ரெட்டை கழட்டி, அந்த காடியில ஓட்டை போட்டு, நீராவி விட்டு பசையை இளக்கி கழுத்தை உருவி, ஹீல்ல (கழுத்து பாடியோட சேர்ற அடிப்பாகம்) கொஞ்சூண்டு மரத்தை செதுக்கி திரும்ப ஒட்டினாரு. போல்ட் போட்ட கழுத்துன்னா இவ்ளோ கூத்து இல்ல.

இப்ப கம்பி உயரம் 2.5 மில்லிமீட்டர், வாசிக்க வெண்ணெய் மாதிரி இருக்கு, சவுண்டும் கூடியிருக்கு (சாடில் உயரம் திரும்ப கெடச்சதுல்ல). ஒரே குறை, ஹீல் பக்கம் பாலிஷ் ஆவி பட்டு லேசா வெளுத்திருக்கு, அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொன்ன தேதியும் ரெண்டு தடவ தள்ளிப் போச்சு. அவருக்கு என் மார்க் அஞ்சுக்கு நாலு.