710 முத்திரையை மட்டும் நம்பி ட்ரெய்லருக்குப் பலகை வாங்காதீர்கள்

கோவையில் ஒரு மரக்கடையில், கேம்பிங் ட்ரெய்லர் கட்டுவதற்குத் தரைப்பலகையும் சட்டத்துக்கான ரீப்பர்களும் (நீளமான மெல்லிய மரத்துண்டுகள்) வாங்கி ஏமாந்த விவரத்தை, அதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இரும்பு அடிச்சட்டத்திலும் வண்டிப் பதிவிலும் எந்தக் குறையும் இல்லை. சிக்கல் முழுவதும் மரத்தில்தான்.

சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் நேராக அடிப்பக்கத்தில் படும் என்பதால், தரைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட, தண்ணீரைத் தாங்கும் மரைன் ப்ளைவுட் 12 மி.மீ. கனத்தில் கேட்டேன். 18 மி.மீ. போட்டால்தான் தாங்கும் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். அந்தக் கனத்தில் எட்டுக்கு நாலு பலகை ஒன்றே முப்பது கிலோவைத் தாண்டும். குறுக்குச் சட்டங்களை நெருக்கி வைத்தால் 12 மி.மீ. போதும் என்று மறுத்துவிட்டேன். வந்த பலகைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 710 என்ற எண்ணும் பளிச்சென்று இருந்தன. விலையும் மரைன் விலைதான்.

தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை சென்று திரும்பியபோது, சக்கரத்தை ஒட்டிய ஓரம் உப்பி, மேலடுக்கு பழைய புத்தகத்தின் அட்டையைப் போல விரல் பட்டதும் பிரிந்து வந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளடுக்குகளுக்கு நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளிகள் இருந்தன. ஓரத்தில் தெரியக்கூடியவற்றை மட்டும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தார்கள்.

ஆசாரி சொன்னபடி மீந்த துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தோம். 710 தரத்துப் பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது விதி. எங்கள் துண்டு காலையில் அடுப்பேறி, மதியச் சாப்பாட்டுக்குள் அடுக்கடுக்காகக் கழன்றுவிட்டது. மரைன் பலகைக்கு உரிய ஃபீனால் பசை கொதிநீரைத் தாங்கும். விலை குறைந்த யூரியா பசை தாங்காது. ஃபீனால் பசை கருஞ்சிவப்பாக இருக்கும் என்பார்கள், ஆனால் சாயம் கலந்தும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம் என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முத்திரையின் கீழிருந்த சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டபோது, உரிமம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அது ஐ.எஸ். 303 எனப்படும் பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கு வழங்கப்பட்டது.

ரீப்பர் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. இரண்டுக்கு இரண்டு அங்குலம் என்று கன அடிக் கணக்கில் காசு வாங்கியிருந்தார்கள். அளந்தால் ஒன்றே முக்கால்தான். அதாவது, ஏறத்தாழ கால் பங்கு மரத்துக்கு வெறும் காற்றை விற்றிருக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த மரம் என்று சொன்னதும் பொய். மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தது. அது காயக் காய மரம் சுருங்கி, திருகாணிகள் தளர்ந்து, சட்டம் முறுக்கிக்கொண்டது. ஈரமானி இருந்தால், ரீப்பரின் நடுவில் ஒரு வெட்டுப் போட்டு அந்த வெட்டுமுகத்தில் வைத்துப் பாருங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. மூலைகளில் வெள்ளை (மரத்தின் வெளிப்புற இளம்பகுதி) ஓடிய மரத்தை, எவ்வளவு சலுகை கொடுத்தாலும் வாங்காதீர்கள், மரத்தைத் துளைக்கும் உளு முதலில் விழுவது அங்கேதான்.

வெட்டிய பலகையைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் கைவிரித்தார். பில்லில் தரத்தைக் குறிப்பிடாமல் வெறுமனே "ப்ளைவுட் 12" என்று எழுதியிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. நல்லவேளை, முத்திரை உள்ள துண்டையும் படங்களையும் வைத்திருந்தேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்த பிறகு பாதிப் பணம் தருவதாக இறங்கி வந்தார், நான் ஒப்பவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தால் போதும். முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியது குறித்து பி.ஐ.எஸ். அலுவலகத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

இப்போது வேறு கடையில் வாங்கிய பலகைகளுக்கு, ஐ.எஸ். 710 என்றும் உரிம எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். அப்படி எழுதித் தர இரண்டு கடைகள் மறுத்தன.