டைரி ஆப் வாங்குமுன் எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிடுங்கள்

மொபைலில் டைரி எழுத ஆப் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கம்பெனியோடு தகராறு இன்னும் முடியவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. இதே வேலையை நாளைக்கு வேறு எந்த ஆப்பும் செய்யலாம்.

ஒரே தடவை பணம் கட்டினால் போதும், ஆயுளுக்கும் எல்லா வசதியும் உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். கட்டினேன். ஆப் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எழுத நேரமானால் ஞாபகப்படுத்தும். போன வருடம் இதே நாளில் என்ன எழுதினோம் என்று எடுத்துக் காட்டும். படம், குரல்பதிவு எல்லாம் சேர்க்கலாம். வருடக்கணக்காக அதில்தான் எழுதினேன். நடுவில் ஆப் வேறொரு கம்பெனி கைக்குப் போனது. யாரும் சொல்லவில்லை, ஒரு அப்டேட்டில் லோகோ மாறியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வந்த ஒரு அப்டேட்டில், திறந்ததுமே ஓர் அறிவிப்பு: நீங்கள் வாங்கியது பழைய பதிப்புக்கு மட்டும், புதியதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். பழைய பதிப்பு ஸ்டோரிலேயே இல்லை.

கட்டாவிட்டால் என்ன ஆகும்? கடைசி 30 பதிவுகள் மட்டும் திறக்கும். மற்றதெல்லாம் பட்டியலில் தெரியும். தேதி இருக்கும், தலைப்பு இருக்கும், முதல் வரிகூட இருக்கும், தொட்டால் பூட்டுப் படம் வரும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எழுதியது முழுக்க அந்தப் பூட்டுக்குப் பின்னால் போய்விட்டது. நான் எழுதியதை நானே படிக்க மாத வாடகையாம்.

இலவசமாகக் கொடுத்ததைக் குறைப்பது ஒன்று, ஏற்கெனவே எழுதியதைப் பூட்டுவது வேறு. குறிப்பு எழுதும் ஆப்பான எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்டுப்புத்தகம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தபோது பலர் திட்டினார்கள். ஆனால் அங்கேகூடப் பழைய குறிப்புகளைப் படிக்க முடிந்தது, திருத்த முடிந்தது, எக்ஸ்போர்ட் செய்ய, அதாவது ஃபைலாக வெளியே எடுக்க முடிந்தது, புதிதாகச் சேர்க்கத்தான் முடியவில்லை.

சரி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பார்த்தால், எக்ஸ்போர்ட் பட்டனுக்கும் சந்தா வேண்டும். வேறு வழியில்லாமல் ஒரு மாதத்துக்குக் கட்டினேன். பிடிஎஃப் மட்டும்தான் வந்தது. அதைத் திறந்தபோதுதான் வயிறு எரிந்தது. தமிழ் எழுத்து மொத்தமும் சிதறிக் கிடந்தது. ‘போனேன்’ என்று எழுதியிருந்தால் ப முதலில், கொம்பு அதற்குப் பின்னால், நடுவில் ஒரு புள்ளிவட்டம். கம்ப்யூட்டரும் மொபைலும் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது தனி வேலை. ஆப்பின் திரையில் அந்த வேலையை மொபைல் செய்துவிடுகிறது, அதனால் எழுதும்போது எதுவும் தெரியாது. பிடிஎஃப் தயாரிக்கும் பகுதியில் அதைச் செய்ய யாரும் மெனக்கெடவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. ஸ்டோரில் இருந்த ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் எதிலும் இதைப் பற்றிப் பேச்சே இல்லாதது ஏன் என்று அப்போது புரிந்தது. படங்கள் தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தன. குரல்பதிவு இருந்த இடத்தில் வெறும் ஃபைல் பெயர்.

இதையெல்லாம் சொல்லி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். முதலில் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லி ஒரு பதில், பிறகு அதே பதில் வேறு பெயரில். கடைசியில் ஒரு மனிதர் எழுதினார்: “‘மறுபடியும் சண்டை’ என்ற பதிவில் உள்ள ஆடியோ எங்கள் சர்வரில் இல்லை.”

நான் அனுப்பிய மெயிலில் அந்தத் தலைப்பு இல்லை. அவர் என் டைரியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

நாலு இலக்க பின் நம்பர், கைரேகை எல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தேன். அவை மொபைலைக் கையில் எடுப்பவரைத் தடுக்கும், அவ்வளவுதான். கம்பெனியின் சர்வரில் இருப்பதை கம்பெனி ஆட்கள் படிக்க முடியாமல் இருக்க வேண்டுமென்றால், முனைக்கு முனை குறியாக்கம் வேண்டும், அதாவது எழுதியதை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றிவைத்து, அதைத் திறக்கும் சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் ‘பாதுகாப்பானது’, ‘குறியாக்கம் செய்யப்பட்டது’ என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மொபைலிலிருந்து சர்வருக்குப் போகும் வழியில் மட்டும் குறியாக்கம் செய்தாலும் அப்படி எழுதிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு மறந்துபோனால் ஒரே மெயிலில் எல்லாப் பதிவும் திரும்பக் கிடைக்கும் என்றால், பெரும்பாலும் சாவி அவர்களிடமும் இருக்கிறது என்று அர்த்தம்.

பணத்தைத் திரும்பக் கேட்டதும் நடக்கவில்லை. கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே கேட்கலாம், அதற்குப் பிறகு ஆப் தயாரித்தவர்களிடம்தான் போகச் சொல்கிறார்கள். அவர்கள் பதிலே போடவில்லை. இன்னொன்று, ஆப்பை மொபைலிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். இது எல்லா ஆப்புக்கும் பொருந்தும்.

இனி என்ன பார்த்து வாங்குவது? மற்ற வசதியெல்லாம் பிறகு. இலவசக் காலத்திலேயே இரண்டு மூன்று பொய்ப் பதிவு எழுதுங்கள். ஒன்று முழுக்கத் தமிழில், கொ, பே, சௌ எல்லாம் வருகிற மாதிரி. ஒன்றில் படமும் குரல்பதிவும். ஒன்றுக்குப் பழைய தேதி போடுங்கள். பிறகு எக்ஸ்போர்ட் செய்து, வந்ததைக் கம்ப்யூட்டரில் வேறு ஒரு மென்பொருளில் திறந்து பாருங்கள். இலவசக் காலத்தில் எக்ஸ்போர்ட்டே செய்ய விடவில்லை என்றால் அந்த ஆப் வேண்டாம். பிடிஎஃப் மட்டும் தருவதும் போதாது, அது அச்சடிக்கத்தான் உதவும். சாதாரண டெக்ஸ்ட், மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் டெக்ஸ்ட்), ஜேசான் (மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய தகவல் ஃபைல்) இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் நாளைக்கு வேறு ஆப்புக்கு மாற்ற முடியும்.

நான் இப்போது அப்சிடியன் என்ற குறிப்பு ஆப்புக்கு மாறிவிட்டேன். எழுதுவதெல்லாம் ஒரு ஃபோல்டரில் சாதாரண மார்க்டவுன் ஃபைல்களாகக் கிடக்கிறது, ஆப் இல்லாமலும் திறக்கலாம். அழகு கம்மி. ‘போன வருடம் இதே நாளில்’ சமாசாரமெல்லாம் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அது பிடிக்காதவர்கள் டே ஒன் என்ற டைரி ஆப்பைப் பார்க்கலாம், முனைக்கு முனை குறியாக்கமும் ஜேசான் எக்ஸ்போர்ட்டும் இருக்கிறது. அதையும் 2021-இல் ஆட்டோமாட்டிக் என்ற கம்பெனி வாங்கிவிட்டது, ஆகவே அங்கேயும் அவ்வப்போது எக்ஸ்போர்ட் எடுத்து வைப்பது நல்லது. ஜாப்லின் என்ற குறிப்பு ஆப் திறந்தமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், ஒத்திசைவுக்குக் (மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே பதிவுகள் இருக்கச் செய்வதற்கு) குறியாக்கம் நாமே ஆன் செய்ய வேண்டும். பத்தி பத்தியாக எழுதாமல் அன்றைய மனநிலையை மட்டும் குறிக்க நினைப்பவர்களுக்கு டேலியோ போதும், எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுக்கலாம்.

பழைய ஆப்பில் கணக்கை அழிக்கும் பட்டனே இல்லை, மெயில் அனுப்பினால் பார்க்கிறோம் என்கிறார்கள். ஆப்பிள் தன் ஸ்டோரில் 2022 ஜூன் 30 முதலே, கணக்கு தொடங்க விடும் ஆப் அதை அழிக்கும் வழியையும் ஆப்புக்குள்ளேயே தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. கூகுளும் பின்னர் அதே மாதிரி விதி கொண்டுவந்தது. இரண்டு ஸ்டோரிலும் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டிய சந்தா முடிவதற்குள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காப்பி செய்துகொண்டிருக்கிறேன், படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஆப்பிலும் ‘ஆயுள் திட்டம்’ என்று வாங்கி வைத்திருந்தால், முதலில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள், எக்ஸ்போர்ட் திறந்திருக்கும்போதே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.