ஃபோர்-டென்னா, 20 போரா: பண்ணைக்கு எந்தச் சிறுகுழல் துப்பாக்கி?

இங்கிலாந்தில் ஒரு சராசரிப் பண்ணைக்கு மூன்று தொல்லைகள்: களஞ்சியத்தில் எலி, வேலியோரத்தில் முயல், வயலில் காட்டுப்புறா. மூன்றையும் ஒரே 12 போர் (bore, குழலின் அளவு) துப்பாக்கியால், அதாவது ஒரு தோட்டாவில் பல சிறு ஈயக்குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன்னால், சமாளிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் களஞ்சியத்துக்குள் 12 போர் வெடித்தால் எலி சாகும், தகரக் கூரையும் சல்லடையாகும், கன்று போடப்போகும் மாடும் மிரளும். சிறுகுழல் துப்பாக்கிக்கு இடம் உண்டாவது அங்கேதான். எந்தச் சிறுகுழல் என்பதில்தான் சண்டை.

முதலில் அளவு. 12 போர் என்றால், அந்தக் குழலின் விட்டத்துக்கு வார்த்த ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்கும் என்று பொருள். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன விட்டம், மில்லிமீட்டரில் 10.4. போர் கணக்குக்கு மாற்றினால் 67 போர் பக்கம் வரும். அங்கே எல்லோருக்கும் அது ‘ஃபோர்-டென்’.

சிறுகுழல் என்றால் அடி மெதுவாக விழும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படியில்லை. குழலை விட்டுப் புறப்படும் ஒரு 6-ஆம் எண் ஈயக்குண்டு (எண் குண்டின் பருமனைச் சொல்வது), 12 போரிலும் ஃபோர்-டென்னிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகிறது. வித்தியாசம் எண்ணிக்கையில். பிரிட்டிஷ் 6-ஆம் எண் குண்டு அவுன்ஸுக்கு 270. 28 கிராம் நிரப்பிய 20 போர் தோட்டாவில் சுமார் 267 குண்டுகள். 21 கிராம் 28 போரில் 200. 18 கிராம் நிரப்பிய மூன்று அங்குல நீள ஃபோர்-டென் தோட்டாவில் 170. 9 கிராம் நிரப்பிய இரண்டு அங்குலத் தோட்டாவில் வெறும் 86. தூரம் கூடக் கூட இந்தக் குண்டுகள் விரிந்துகொண்டே போகும். குண்டு குறைவென்றால் இடைவெளி பெரிது. அந்த இடைவெளிக்குள் ஒரு புறாவே புகுந்து தப்பலாம், அல்லது அதைவிட மோசமாக, ஒற்றைக் குண்டை வாங்கிக்கொண்டு எங்கோ போய் விழலாம்.

அதனால்தான் ஃபோர்-டென்னைச் சிறுவர் துப்பாக்கி என்பதை நான் ஏற்பதில்லை. பண்ணைப் பையன்களின் கையில் முதலில் கொடுப்பது அதைத்தான், உண்மை. எடை குறைவு, தோளில் உதைக்காது. ஆனால் பறக்கும் புறாவை அதில் வீழ்த்தக் கை தேர்ந்தவர் வேண்டும். பழகும் பையனுக்குக் குறி தவறிக்கொண்டே இருந்தால் ஆசையே விட்டுப்போகும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் முயலுக்கு, இருபது இருபத்தைந்து மீட்டருக்குள், மூன்று அங்குலத் தோட்டாவோடு அது போதும். சத்தமும் ஒரு காரணம். ஒலிவேகத்துக்குக் கீழே போகும் தோட்டாவும், ஹஷ்பவர் போன்ற நீள ஒலியடக்கி பூட்டிய குழலும் சேர்ந்தால், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டார்.

9 மி.மீ. கார்டன் கன் என்ற குட்டித் துப்பாக்கியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிரெஞ்சுக்காரர் ஃப்ளோபேர் உருவாக்கிய விளிம்புவெடித் தோட்டா (பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பில் இருப்பது) வழியில் வந்தது. பர்மிங்காமின் வெப்ளி அண்ட் ஸ்காட் இதற்கான துப்பாக்கிகளைச் செய்தது. தோட்டாவில் இருப்பது ஏறத்தாழ 7 கிராம் பொடிக்குண்டு. பத்து மீட்டருக்குள் எலி, அவ்வளவுதான். அதே எலிக்கு இன்று ஏர் ரைஃபிளும் இரவுப்பார்வைக் கருவியும் போதும். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு விசைக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்குச் சான்றிதழும் வேண்டாம்; ஸ்காட்லாந்தில் 2016 முடிவிலிருந்து வேண்டும். ஓடும் எலிக்கு மட்டும் 9 மி.மீ. இன்னும் ஒரு படி மேல்.

28 போரைக் கையில் எடுத்தவர்கள் அதன்மேல் காதல் கொண்டுவிடுகிறார்கள். குழலுக்கும் குண்டுச்சுமைக்கும் பொருத்தம் அப்படி. ஆனால் தோட்டா விலை கடிக்கிறது, கிராமத்துக் கடையில் எப்போதும் இருப்பதுமில்லை. பண்ணை வேலைக்கு அது அலங்காரம்.

எனவே வயலில் புறாவும் காகமும்தான் தலைவலி என்றால் 20 போர் வாங்குங்கள். முப்பத்தைந்து மீட்டர் வரை நம்பலாம், தோட்டா எங்கும் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் 12 போரும் இருந்தால் இரண்டு தோட்டாக்களையும் ஒரே பையில் போடாதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப்போய், தோட்டா அறைக்கு (தோட்டா உட்காரும் இடத்துக்கு) சற்று முன்னால் சிக்கும், வெளியே தெரியாது. பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே பிளக்கும். 20 போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது இதனால்தான்.

இந்தக் கணக்கு முழுவதையும் கலைக்க ஒன்று வருகிறது. ஈயக்குண்டுகளுக்குத் தடை கொண்டுவரப்போவதாக 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. எஃகு, ஈயத்தைவிட லேசு. அதே விசை கிடைக்க இரண்டு எண் பெரிய குண்டு போட வேண்டும். குண்டு பெரிதானால் எண்ணிக்கை இன்னும் குறையும். 12 போர் இதைத் தாங்கும், 20 போர் கொஞ்சம் முனகும், ஃபோர்-டென்னுக்கு அடி பலம். டங்ஸ்டன் என்ற கனமான உலோகம் இதற்கு மருந்து, அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்கு ஃபோர்-டென்னில் அதைத்தான் போடுகிறார்கள். எலிக்கும் முயலுக்கும் அந்த விலையில் யார் சுடுவார்?

அதற்கு முன் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மடக்கு ஃபோர்-டென் வாங்குபவர்கள், கோட்டுக்குள் மறைகிறதா என்று பார்ப்பதைவிடத் தோட்டா அறையின் நீளத்தைப் பார்க்கட்டும். பழையவற்றில் அது 2 அல்லது 2½ அங்குலம். 2½ அங்குல அறையில் மூன்று அங்குலத் தோட்டாவும் நுழைந்துவிடலாம், ஏனென்றால் சுடுவதற்கு முன் வாய் மடித்த தோட்டா குட்டை. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.