ஊட்டி, கொடைக்கானலில் 'மலைப் பட்டாணி புரோட்டீன் பவுடர்' வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வர்க்கி, தைலம், ஹோம்மேட் சாக்லேட் விற்கிற கடைகளில் இப்போது தாவரப் புரோட்டீன் பவுடரும் அடுக்கி வைக்கிறார்கள். 'நீலகிரி மலைப் பட்டாணி, நூறு சதவீதம் ஆர்கானிக், ரசாயனம் இல்லை' என்று அட்டையில் பச்சை எழுத்து. ஊட்டியில் வாங்கிய அப்படியொரு பாக்கெட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அரை கிலோ 950 ரூபாய். உள்ளே இருந்தது வறுத்து அரைத்த பருப்பு மாவு. திருப்பிக் கொடுக்கப் போனால், சீல் உடைத்ததை எடுக்க மாட்டோம் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். சீலை உடைக்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறோம்.

பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு அச்சடித்திருந்தது இது: புரதம் 78 கிராம், மாவுச்சத்து 32 கிராம், கொழுப்பு 5 கிராம், எனர்ஜி 365 கிலோ கலோரி. முதலில் மூன்றையும் கூட்டுங்கள். 115 வருகிறது. நூறு கிராம் பவுடருக்குள் 115 கிராம் சத்து எப்படி இருக்கும்? ஈரப்பதமும் உப்புச்சத்தும் வேறு உண்டு; ஆகவே கூட்டுத்தொகை நூறுக்குச் சற்றுக் கீழேதான் நிற்க வேண்டும். அடுத்து கலோரி. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. 312, 128, 45 சேர்த்தால் 485. அச்சில் இருப்பதோ 365. சேர்மானத்தில் இருந்த பொட்டுக்கடலையின் கணக்கைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: 100 கிராமில் புரதம் சுமார் 22, மாவுச்சத்து 58, கொழுப்பு 5, கலோரி 370-ஐ ஒட்டி. புரதத்தை ஏற்றி, மாவுச்சத்தைக் குறைத்து எழுதியவர்கள் கொழுப்பையும் கலோரியையும் மாற்ற மறந்துவிட்டார்கள். செல்போன் கால்குலேட்டரில் அரை நிமிட வேலை, கடையிலேயே செய்துவிடலாம்.

சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. இந்தப் பாக்கெட்டில் பட்டாணி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய் என்றிருந்தது. காய்ந்த பட்டாணியில் புரதம் நூற்றுக்கு 20 முதல் 25 வரைதான். அதை எவ்வளவு நைசாக அரைத்தாலும் சதவீதம் ஏறாது. 80-ஐத் தொட வேண்டுமென்றால் மாவைக் காரநீரில் கரைத்து, நாரையும் ஸ்டார்ச்சையும் பிரித்தெடுத்து, கரைசலை அமிலமாக்கி (பிஎச் 4.5 அளவில்) புரதத்தைத் திரிய வைத்து, கழுவி, சூடான காற்றில் தூளாக உலர்த்த வேண்டும். அப்படி வருவதுதான் ஐசோலேட். அது பெரிய ஆலை வேலை. சந்தையில் இருக்கிற பட்டாணி ஐசோலேட் பெரும்பாலும் கனடா, சீனா, பிரான்ஸ் மாதிரி இடங்களில் மஞ்சள் பட்டாணியிலிருந்து எடுத்தது. நம் மலையில் விளைகிற பச்சைப் பட்டாணி குருமாவுக்கு அருமையானது. அதன் பெயரைச் சொல்லி 78 சதவீதம் என்றால் நம்பாதீர்கள். பட்டியலில் 'ஐசோலேட்' அல்லது 'கான்சன்ட்ரேட்' (அதைவிடக் குறைவாகச் செறிவாக்கியது) என்ற சொல்லே இல்லாமல் 50-க்கு மேல் புரதம் போட்டிருந்தால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிடலாம். கொழுப்பு நீக்கிய சோயா மாவுகூட ஏறக்குறைய 50 வரைதான் வரும்.

சாக்லேட் சுவை என்று சொல்லி 80 சதவீதம் போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். கோகோவும் இனிப்பும் சேர்ந்த பிறகு விகிதம் இறங்கத்தான் செய்யும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வீட்டில் அயோடின் வைத்துப் பார்க்கலாம்; ஸ்டார்ச் இருந்தால் அது நீலக் கறுப்பாகும். ஒரு டீஸ்பூன் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்து, முழுக்க ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் நிறம் காட்டாது. அவசரப்படுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆறியதும் மெடிக்கல் கடையில் கிடைக்கிற டிங்ச்சர் அயோடின் இரண்டு சொட்டு. நல்ல ஐசோலேட்டில் பழுப்பு அப்படியே நிற்கும், அல்லது லேசாக நீலம் தட்டும். மேலே சொன்ன பாக்கெட்டில் சொட்டு விழுந்த இடம் உடனே மைக் கறுப்பாகிப் பரவியது. கொதிக்கும்போதே அது கஞ்சிபோல இறுகியும் இருந்தது. ஒன்று நினைவில் வையுங்கள்: மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சை உடைத்துச் செய்கிற தூள்) கலந்திருந்தால் இந்தச் சோதனையில் நீலம் வராது; ஆகவே நீலம் வரவில்லை என்பதால் மட்டும் கலப்படம் இல்லை என்று ஆகாது. சோதித்ததைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

உரிம எண் இருக்கிறதே என்று ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணுக்கு 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று தெரியும். இந்தப் பாக்கெட்டில் இருந்தது உண்மையான எண்தான், ஆனால் தேயிலைத் தூள் பாக்கெட் போடுவதற்காக வாங்கியது. 'ஆர்கானிக்' என்பதற்கு 'ஜைவிக் பாரத்' போன்ற அரசு முத்திரை தேடுங்கள். வெறும் பச்சை இலைப் படத்துக்கு மதிப்பில்லை.

நல்ல கம்பெனி டப்பாவிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கித்தான் பொதுவாகப் புரதம் என்கிறார்கள். விலை மலிவான கிளைசின், டாரின் போன்ற தனி அமினோ அமிலங்களைச் சேர்த்தாலும் நைட்ரஜன் கூடும், எண் ஏறும். சேர்மானத்தில் இவை இருந்தால் அமினோ அமிலப் பட்டியலைக் கேளுங்கள். தாவரப் பவுடர்களில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணிலிருந்தே ஏறக்கூடும், அரிசிப் புரதத்தில் ஆர்செனிக்கும். ஆகவே அந்த பேட்ச் எண்ணுக்கான ஆய்வறிக்கை என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகார ஆய்வகத்திலிருந்து இருக்கிறதா என்று பாருங்கள். அமினோ அமிலங்களில் பட்டாணியில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு என்பதால் இரண்டும் கலந்த பவுடர் நல்லது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை ஈரம். பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் சில்லறையாக வாங்கினால் காகிதப் பையில் கட்டித் தருகிறார்கள். பிளாஸ்டிக் வேண்டாம் என்பது சரியான முடிவு, ஆனால் பவுடருக்குக் காகிதம் தாங்காது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இரண்டே நாளில் கட்டிதட்டிவிடும். சில்லறையாக வாங்கவே வேண்டாம். பிரித்த டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடி, ஈரமில்லாத கரண்டி போட்டு, ஒரு மாதத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள். பூசண வாடை வந்தால் வறுத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். பூசணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு அடுப்புச் சூட்டுக்குப் போகாது.

பயன்படுத்தும்போது தண்ணீரை முதலில் ஊற்றிப் பிறகு பவுடர்: 250 மில்லிக்கு 25 முதல் 30 கிராம். கலக்கி ஐந்து நிமிடம் வைத்தால் நறநறப்பு குறையும். அடை மாவில் சேர்ப்பதானால் ஊற்றுவதற்குச் சற்று முன்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் சோயாப் பவுடரை அதனோடு சேர்க்காமல் சில மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அளவு. 60 கிலோ எடைக்கு 50 கிராம். உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராமிலேயே 25 கிராம் வந்துவிடுகிறது.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஏமாந்திருந்தால் பாக்கெட், பில், பின்பக்கப் படம் மூன்றையும் பத்திரப்படுத்தி, நீலகிரி என்றால் ஊட்டியிலும் கொடைக்கானல் என்றால் திண்டுக்கல்லிலும் உள்ள உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. சுற்றுலா வந்து வாங்கிப் போனவர்கள் வழக்குக்காக மலையேறி வர வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள், தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம்.