38 மில்லிமீட்டருக்கு ஒரு கறுப்புப் புள்ளி

ரேஸர் பிளேடு மாட்டி இழுக்கிற தோல் சீவும் கருவியின் விலை பாதிக்குப் பாதி இறங்கியிருக்கிறது. பொம்மைக் குதிரைகளுக்குக் கடிவாளமும் சேணமும் செய்யத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "இப்ப வாங்கிடலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார். இதே கருவி நாலு வருடமாக, அதாவது சென்னையின் நாலு ஐப்பசி கார்த்திகையாக, என் மேஜை ஓரத்தில் மாட்டியிருக்கிறது. போன மாதம்தான் லேத் பட்டறைக்குப் போய்விட்டு வந்தது. அவருக்கு "வாங்குங்க", "வேணாம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல வரவில்லை.

கருவி தெரிந்ததுதான். மேஜையைக் கவ்வும் கிளாம்ப், கீழே 12 மி.மீ. விட்டமுள்ள இரும்பு உருளை, மேலே பாதி பிளேடைப் பிடித்துக்கொள்ளும் தாடை, இடைவெளியை மாற்ற ஒரு திருகு. தோலின் வழவழப்பான மேல்பக்கம் உருளையிலும் சதைப்பக்கம் பிளேடிலும் படும்படி நுழைத்து நம் பக்கம் இழுத்தால், மெலிந்து வெளியே வரும். புத்தகம் பைண்ட் செய்கிறவர்கள் அட்டைத் தோலைச் சீவுவதும் இந்த வகைக் கருவியில்தான்.

பிரேயர் என்ற நிறுவனத்தின் பெரிய பொம்மைக் குதிரைகள் 1:9 அளவு, அதாவது நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. நிஜக் குதிரையின் கன்னப்பட்டை 16 மி.மீ. அகலம் என்றால் நமக்கு வேண்டியது 1.8 மி.மீ. அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) தொங்கும் வார் 25 மி.மீ. என்றால் 2.8. அகலத்தைக் கத்தியும் ஸ்டீல் ஸ்கேலும் பார்த்துக்கொள்ளும். தடிமன்தான் படுத்துகிறது. நிஜ வார் 3.5 முதல் 4 மி.மீ. வரை தடிமன் இருக்கும். ஒன்பதால் வகுத்தால் 0.4 மி.மீ. பெரியமேட்டுத் தோல் கடைகளில் கிடைக்கிற ஆட்டுத்தோல் 0.7, 0.8 என்றுதான் இருக்கும். அப்படியே வெட்டிப் போட்டால் குதிரை முகத்தில் பெல்ட்டைக் கட்டியதுபோல் ஆகிவிடும். 1:32 அளவுக் குட்டிக் குதிரைக்குக் கணக்குப்படி 0.12 மி.மீ. வரும், அந்த மெலிவில் தோல் கையோடு பிய்ந்துவிடும், அதற்கு ரிப்பனோ காகிதமோ போதும். அய்யனார் கோயில் குதிரைக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அதற்குச் சேணம், சதங்கை எல்லாம் மண்ணோடு மண்ணாக வந்துவிடுகிறது.

தோல் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் கோபம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் இந்த வேலைக்கு ஆகாது. ரப்பர்போல் இழுபடும், விளிம்பைத் தேய்த்தால் பளபளக்காது, மடித்த இடம் மடிந்து நிற்காது. பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று கேட்டால் தருவார்கள். முன்பெல்லாம் ஆவாரம்பட்டையில், பிற்காலத்தில் வாட்டில் மரப் பட்டையில் பதனிட்டு, கடைசியில் நிறம் வெளுக்கக் கடுக்காய் சேர்ப்பது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், இருண்டால் பட்டைத் தோல். வெட்டு விளிம்பில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். செம்மறித் தோலையும் எடுக்காதீர்கள். அதன் மேலடுக்கும் அடியடுக்கும் தளர்வாக ஒட்டியிருப்பதால், சீவும்போது வெங்காயம்போல் பிரிந்து வரும். வெள்ளாட்டுத் தோலில் முதுகெலும்பை ஒட்டிய பகுதியில், முதுகின் நீளவாக்கில் வெட்டுவது நல்லது. வயிற்றுப் பக்கம் எடுத்தால் கடிவாள வார் ஒரு மாதத்தில் நீண்டுபோய்க் குதிரையின் முழங்காலில் தொங்கும்.

இந்தக் கருவியிடம் நான் எதிர்பாராமல் கண்ட சந்தோஷம் வாரின் முனைகள். பக்கிளைச் சுற்றி மடிக்கும் இடத்தில் தோல் 0.2 மி.மீ.க்கு இறங்கினால்தான் மடிப்பு முண்டாகத் தெரியாது. கத்தியால் ஒவ்வொரு வாரின் முனையையும் தனித்தனியாகச் சீவுவது கொடுமை; பத்தில் மூன்று முனை அறுந்துவிடும். இதில் வேறு வழி இருக்கிறது. வாரை வெட்டுவதற்கு முன்பே 20 மி.மீ. அகலத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் துண்டையும் முதலில் 0.45க்குக் கொண்டுவாருங்கள், ஒரு இழுப்புக்கு 0.1 மி.மீ.க்கு மேல் எடுக்காமல். பிறகு திருகைக் கால் சுற்று இறக்கி, முனையிலிருந்து 6 மி.மீ. உள்ளே தள்ளி வைத்து, வெளியே இழுங்கள். முனை மட்டும் சரிவாக மெலியும். அதற்கப்புறம் துண்டை வார்களாகக் கிழித்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சரிவு தயாராக இருக்கும். ஒரு கடிவாளத்துக்கு வேண்டிய அத்தனை வாரும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மடிப்பின் மேல் ஏறும் வளையத்துக்கு 0.25 மி.மீ. தோல் வேண்டும், அதையும் கிழியாமல் தருகிறது. கத்தியில் இதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை, வரப்போவதும் இல்லை.

பிளேடு சாதாரண ஷேவிங் பிளேடுதான். உறையோடு வைத்து நீளவாக்கில் மடித்தால் இரண்டாக உடையும். ஒரு கடிவாளத்துக்கு இரண்டு பாதிகள் போதும். இழுக்கும்போது சர்ரென்ற சத்தம் மாறி நறநறத்தால் பிளேடை மாற்றிவிடுங்கள், இன்னும் ஒரு இழுப்பு என்று பார்க்கப் போனால் துண்டு போய்விடும்.

இனி உருளை.

விற்பவர்கள் இதைத் தோல் சீவும் கருவி என்றுதான் விற்கிறார்கள். ஆனால் தோலின் முகம் படுகிற இடத்தில் முலாம்கூட இல்லாத வெறும் இரும்பை வைத்திருக்கிறார்கள். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து எழுத்துக்கு மை காய்ச்சிய நாடு இது. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்பு படுவதால்தான். பட்டைத் தோலில் இருக்கும் துவர்ப்பும் அதே சாதிதான். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கருநீலமாகிவிடும். சென்னையில் மழை தொடங்கினால் உருளையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துரு பூக்க இரண்டு நாள் போதும்.

கறை உடனே தெரிந்தாலாவது பரவாயில்லை. சீவும்போது தோல் வெளுப்பாகத்தான் வரும். வாராக வெட்டி, முனை மடித்து, பக்கிள் கோத்து, கடைசியில் விளிம்பு தேய்க்க ஈரத் துணியை வைக்கிறீர்கள் பாருங்கள், அப்போதுதான் மேல்பக்கத்தில் குண்டூசித் தலை அளவு கறுப்புப் புள்ளி எழும்பும். அதிலிருந்து 38 மி.மீ. தள்ளி இன்னொன்று. மறுபடி 38. விட்டம் 12 என்றால் சுற்றளவு 37.7, உருளையில் இருக்கும் ஒரே ஒரு துருப்பொட்டு சுற்றுக்கு ஒரு முறை முத்திரை குத்திக்கொண்டே போகிறது. 16 செ.மீ. கடிவாள வாரில் நாலு புள்ளி. தோலைக் குறை சொல்வதற்கு முன் புள்ளிகளுக்கு இடையே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இடைவெளி சமமாக இருந்தால் தோல் விற்றவர் மேல் தப்பில்லை.

தடுக்க நான் செய்து பார்த்தவை எதுவும் முழுசாக உதவவில்லை. தையல் மெஷின் எண்ணெய் பூசினால் துரு நிற்கும். ஆனால் துடைத்த பிறகும் மிச்சமிருக்கும் எண்ணெய் தோலில் ஏறி, அந்த இடம் சாயம் பிடிக்காமல் திட்டாகும். நகப்பூச்சு இரண்டு நாளில் செதில் செதிலாக உரியும். செலோடேப் சுற்றினால் கறுப்புப் புள்ளி நின்றுவிடும். ஆனால் டேப்பின் ஓரம் தோலைப் பிளேடுக்குள் தூக்கிக் கொடுப்பதால் அதே 38 மி.மீ.க்கு ஒரு முறை ஒரு மெல்லிய கோடு விழும், வார் அங்கேயே அறுகும். வந்துவிட்ட கறையை 2 சதவீத ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும், விஷம், கையுறை அவசியம். ஆனால் புள்ளியில் மட்டும் தொட்டால் அந்த இடம் வெளுத்து வட்டமாகத் தெரியும். முழு வாரையும் நனைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட வேண்டும். காய்ந்தபின் வார் விறைத்துக்கொள்ளும், தேன்மெழுகு தேய்த்து வளைத்துப் பழக்க வேண்டும். ஒரு புள்ளிக்காக இவ்வளவு.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கறுப்புக் கடிவாளம் மட்டும் செய்கிறவருக்கு இந்தக் குறையே தெரியாது. துருப்பிடித்த ஆணியைக் காடியில் ஊறவைத்த நீரைத் தடவி வேண்டுமென்றே கறுப்பாக்குகிறவர்கள்கூட இருக்கிறார்கள். குளிர்சாதன அறையில் வைத்து வேலை செய்தாலும் பாதித் தொல்லை குறையும். தோலையும் முந்தின இரவே டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடிவிட்டால் சீவல் சுத்தமாக வரும். ஈரத் தோல் பிளேடில் மாவாக அப்பிக்கொள்ளும். பித்தளைப் பக்கிளில் பச்சை களிம்பு ஏறுவதற்கும் இந்தக் கருவிக்கும் சம்பந்தமில்லை. அது தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து செய்கிற வேலை. ஜெர்மன் சில்வரிலும் செம்பு உண்டு, அதுவும் பூக்கும்.

எல்லோரும் புலம்புகிற சாய்வு எனக்கு அவ்வளவு பெரிய குறையாகப் படவில்லை. திருகு ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் தாடை லேசாகச் சாய்கிறது, 20 மி.மீ. துண்டில் இடது ஓரம் 0.45, வலது ஓரம் 0.39 என்று அளவு காட்டும். ஆனால் 1.8 மி.மீ. வாருக்குள் அந்தச் சாய்வு 0.005தான், யார் கண்ணுக்கும் தெரியாது. இடது கன்னப்பட்டையைத் துண்டின் ஒரு ஓரத்திலும் வலது கன்னப்பட்டையை மறு ஓரத்திலும் வெட்டினால்தான் வம்பு: ஒன்று தடித்தும் ஒன்று தளர்ந்தும் நிற்கும். ஜோடி வார்களை அடுத்தடுத்து வெட்டுங்கள், பின்பக்கம் பென்சிலால் எண் போட்டுவையுங்கள். அதுவும் பொறுக்காதவர்கள் ஜி.பி. ரோட்டில் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வாங்கி அளந்து, தாடையின் தாழ்ந்த பக்கம் அலுமினியத் தாளை மடித்து அண்டக் கொடுக்கலாம். திருகு தானாகத் தளராமல் இருக்க மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று போதும்.

சரி, நண்பரின் கேள்வி. உருளையை மாற்றிய பிறகு இந்த ஒரு மாதமும் கருவி கேட்டதையெல்லாம் செய்கிறது. சரிவு முனை கண்ணாடிபோல் வருகிறது. கத்திக்குத் திரும்பிப் போவீர்களா என்றால் போக மாட்டேன். ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பாதி விலையில் விற்பதும் அதே இரும்பு உருளைதான். உருளைக்கு லேத்தில் கொடுக்கும் கூலியையும் போகவர ஆகும் பெட்ரோலையும் சேர்த்தால் குறைந்த விலை குறைந்ததாக இருக்காது. தோலுக்கென்று ஒரு சாமானைச் செய்கிறவருக்குத் தோலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா?

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் உருளையைக் கழற்றிக் கையோடு பட்டறைக்குக் கொண்டுபோங்கள், அளவை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். 304 ஸ்டெயின்லெஸ் கம்பி என்று சொல்லிக் கேளுங்கள். நீளம் முழுக்க விட்டம் 0.02 மி.மீ.க்குள் ஒன்றாக இருக்க வேண்டும், சுற்றினால் ஆட்டம் கூடாது. ஆடினால் வார் 38 மி.மீ.க்கு ஒரு முறை தடித்தும் மெலிந்தும் வரும். இரும்பு தேய்த்த பழைய எமரித் தாளால் மெருகேற்ற விடாதீர்கள். அந்தத் தாளில் இருக்கும் இரும்புப் பொடி ஸ்டெயின்லெஸ்ஸில் பதிந்து, மறுபடி புள்ளி குத்தும். போன மாதம் முதல் முறை மாட்டியபோது அதுதான் நடந்தது. புதுத் தாளைக் கையோடு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, உருளையை அதில் ஒரு மணி நேரம் முங்க வைத்து, அலசித் துடையுங்கள். பிறகு பட்டைத் தோலின் வெட்டுத் துண்டு ஒன்றை நனைத்து, மேல்பக்கம் உள்ளே இருக்கும்படி உருளையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பிரிக்கும்போது துண்டில் கறுப்பு இல்லை என்றால் மாட்டலாம். இருந்தால் இன்னொரு மணி நேரம் எலுமிச்சை உப்பு.