லாங் பஜார் ஃபேன்சி ஸ்டோர்: சார்ட் அருமை, டேப் சொதப்பல்

பெரியவள் பி.காம் பட்டம் வாங்கியதற்கு சத்துவாச்சாரி வீட்டிலேயே சின்ன விருந்து. அலங்காரச் சாமான் எல்லாம் லாங் பஜார் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினேன். கறுப்பு சார்ட் நல்ல கனம். பட்டமளிப்புத் தொப்பி 12 வெட்டினேன், மடித்த இடத்தில் ஒன்றுகூட வெளுக்கவில்லை. தொப்பிக் குஞ்சத்துக்குக் கடைக்காரர் சடைக் குஞ்சலத்தையே எடுத்துக் கொடுத்தார். "இதான்க்கா தொங்கும், உல்லன் நூல் பொசுபொசுன்னு நிக்கும்." சொன்னது சரிதான்.

டபுள் சைடு டேப்தான் மோசம். வேலூர் மே மாத வெயிலில் சுவர் கொதித்து, மத்தியானமே தோரணம் மொத்தமும் ஆம்பூர் பிரியாணி அண்டா மேல் விழுந்தது. நல்லவேளை, மூடி போட்டிருந்தோம். மாற்றிக் கேட்டால், "பிரிச்ச டேப்பை எடுக்க மாட்டோம்" என்றுவிட்டார்கள். சார்ட்டுக்கும் குஞ்சலத்துக்கும் மறுபடி போவேன். தோரணம் இனி சணல் கயிற்றில்தான்.